கம்பி இல்லாத தூரம்

நாலு மணி அலாரம் அடிக்கும் முன்பே
உன் வாய் என்னைக் கண்டுபிடித்துவிடும், டோரு.
கண் திறக்காமல்,
மூக்கை முன்னால் அனுப்பி வழி கேட்டு.
ஒரு கை என் காதுமடலைத் திருகிக்கொண்டிருக்கும்,
ரேடியோவில் ஏதோ தூரத்து நிலையத்தைப் பிடிப்பதுபோல.
ஜன்னலுக்கு வெளியே கிஷினாவ் நகரம்
பனிக்குள் இருட்டாய்க் கிடக்கும்.
ஐந்துக்கு நான் டிப்போவில் இருக்க வேண்டும்.

"கடுகு பூசு" என்றாள் பரஸ்கோவியா,
என் டிராலிபஸ்ஸின் கண்டக்டர்,
நாக்கில் விரல் தொட்டு டிக்கெட் கிழித்தபடி.
"ஒரே ராத்திரி. என் மூன்றும் அப்படித்தான் மறந்தன."

பூசினேன்.
குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன்.
காந்தியது.
ஊசி வலிக்காது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன்,
பூங்கா பூட்டிவிட்டது என்றும்.
அவை வாயால் சொன்னவை.
இதை உடம்பால் சொல்ல வேண்டியிருந்தது.
வெந்நீர் விட்டுக் கழுவினேன்.
மஞ்சள் நுரை சுற்றிச் சுற்றி ஓட்டைக்குள் இறங்கியது.
வெளியே உட்கார்ந்து நீ
கதவின் அடியிடுக்கில்
ஒவ்வொரு விரலாய் நுழைத்துக்கொண்டிருந்தாய்.

முதலில் மதியத்தை எடுத்தேன்.
மாமலிகாவைப் பலகையில் கவிழ்த்து
நூலால் அறுத்துக் காட்டினேன்.
சோளக்களி இரண்டாய் விழ, ஆவி எழுந்தது.
"இன்னொண்ணு" என்றாய்.
அறுத்தோம், அறுத்தோம்,
பதினாறு துண்டு.
ஒன்றைக்கூட நீ தின்னவில்லை,
கேட்கவும் இல்லை.

விடியற்காலை அவ்வளவு லேசில் வரவில்லை.
யாகோப் நடுவில் படுத்தான்.
இருட்டில் அவன் மார்பைத் தடவிப் பார்த்தாய்.
மயிர்.
பூட்டிய கடையைத் தட்டுவதுபோல
இரண்டு முறை தட்டினாய்.
பிறகு கத்தினாய்,
மேல்வீட்டுக்காரர் தரையை இடிக்கும்வரை.
மூன்றாம் நாள் நான் தோற்றேன்.
விக்கிக்கொண்டே குடித்தாய்,
உன் உச்சந்தலையை மோந்துகொண்டே தோற்றேன்.
நாலாம் நாள் மறுபடி முதலிலிருந்து.

சந்தை நிறுத்தத்தில் யார் பிள்ளையோ அழுதது.
என் சீருடையில் இரண்டு நாணயங்கள்
நனைந்து, பெரிதாகி, தட்டுகளாயின.
உள்ளே வைத்த முட்டைக்கோஸ் இலை வெந்தது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"யாரோ சூப் கொண்டுபோகிறார்கள்."

அந்த வாரம்தான் எனக்குப் புது வழித்தடம் தந்தார்கள்.
ஊர் எல்லையில் மின்கம்பி முடிந்துவிடும்.
பட்டனை அழுத்தினால்
கூரைமேல் நீட்டிய இரண்டு கொம்புகளும்
மெல்ல மடங்கிப் படுத்துக்கொள்ளும்.
அதன்பின், அதுவரை இழுத்துச் சேர்த்ததை வைத்து
வண்டி தானே ஓட வேண்டும்.
முதல் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.
இலையுதிர்ந்த திராட்சைத் தோட்டம்,
பெட்ரோல் பங்க்,
இரண்டு மேடு.
ஒருவரும் தலைதூக்கிப் பார்க்கவில்லை.
பரஸ்கோவியா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

பால் மறக்கடிப்பது என்கிறார்கள்.
நீ மறக்கவில்லை.
நேற்று ராத்திரி என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாய்.
"தூங்குது" என்றாய்,
யாரும் சொல்லிக்கொடுக்காமல்.
போர்வையை இழுத்து அதன்மேல் போர்த்தினாய்.
அதன்மேல் மட்டும்.
மீதி நான் குளிரில் கிடந்தேன்.

எது கடைசி என்று குறித்துவைக்கவில்லை.
செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம்.
அன்று தேய்ந்த ப்ரேக்கை நினைத்துக்கொண்டு
கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்தேன்.

இன்று அலாரம் அடித்துத்தான் எழுந்தேன்.
நீ எழவில்லை.
யாகோப் பக்கம் உருண்டு
அவன் காதைத் திருகிக்கொண்டிருந்தாய்.
தூக்கத்தில் அவன் முனகினான்,
தள்ளிவிடவில்லை.

கதவருகே பூட்ஸ் கயிறு கட்டும்போது
என் காதுமடலை
நானே ஒருமுறை திருகிப் பார்த்தேன்.
எந்த நிலையமும் வரவில்லை.